நாற்பத்தேழு படி ஏறும் வீடு

எங்கள் வீட்டை விற்கும் விளம்பரத்தைக் கேம்ரின் எழுதியிருந்தாள். என் மனைவி ரோசால்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, சமையல் மேசையில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள்.

“‘வேகமாக முன்னுக்கு வந்துகொண்டிருக்கும் பகுதியில், வெளிச்சம் நிறைந்த இரண்டு படுக்கையறை வீடு. நகரத்தின் துடிப்பு வாசலிலேயே.’” தாளைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள். “முப்பத்தொரு வருஷமா இங்கதானே கெடக்கோம். நாம இருந்தவரைக்கும் முன்னுக்கு வரல. போறோம்னு சொன்னதும் வந்துடுச்சாமே.”

“நம்மளாலதான் வராம இருந்துச்சோ என்னவோ.”

“உன்னால. நான் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தேன்.”

நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன். சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் நான் செங்கல் ஏற்றாத தெரு குறைவு. நாற்பது வருஷம் கொத்தனார்களுக்குச் சாந்தும் கல்லும் சுமந்தேன். அதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “நடுவுல இருக்க வேண்டியது ஒண்ணுமே இல்ல மிஸ்டர் குடாய்ட்டிஸ், எலும்பும் எலும்பும் நேரா உரசுது” என்றார். எங்கள் வீடு மேல்தளம். லிஃப்ட் கிடையாது. நாற்பத்தேழு படி. முப்பத்திரண்டாவது படியில் நான் நின்று கெட்ட வார்த்தை சொல்வேன். குறிப்பாக யாரையும் அல்ல. கட்டடத்தில் இருக்கிற ஆறு வீட்டுக்காரர்களுக்கும் அந்தச் சத்தம் பழக்கம்; லென் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வார்கள்.

பக்கத்துப் பேட்டையில் ஒரு சின்னத் தனிவீடு பார்த்து வைத்திருந்தோம். வாசலில் இரண்டே படி. வீட்டுக்காரி மிஸஸ் பலூசெக் எங்களுக்குத்தான் தருவதாக ஒப்பந்தம் போட்டிருந்தாள். ஆனால் எங்கள் வீடு விற்றால்தான் எங்களிடம் பணம். இடையில் வேறு ஒருவன் ரொக்கத்தோடு வந்து நின்றான். அவள் கெட்டவள் இல்லை. ஃபோன் போட்டு நேரடியாகச் சொன்னாள்.

“திங்கக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாக்கறேன் லென். உங்க வீட்டுக்கு ஆள் கெடச்சுட்டா வீடு உங்களுக்கு. இல்லன்னா அந்த ஆளுக்குக் குடுத்துடறேன். என்னால அவ்வளவுதான் முடியும்.”

அவள் ஃபோன் செய்தது வியாழக்கிழமை. வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஞாயிறு பதினோரு மணிக்கு வீட்டைத் திறந்து வைக்க ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தோம். அதுதான் கடைசி வாய்ப்பு.

இதற்கு முன் மூன்று முறை திறந்து வைத்தாயிற்று. வந்தவர்கள் தரையின் ஓக் மரத்தைப் பாராட்டுவார்கள். ஜன்னலிலிருந்து தெரியும் நகரத்து உயரக் கட்டடங்களைப் படமெடுப்பார்கள். அப்புறம் படிகளை நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் வாங்கிய காலத்தில் பீட்ஸா கொண்டுவருகிறவன்கூட எங்கள் தெருவுக்கு வர மாட்டேன் என்பான். இப்போது செருப்புத் தைத்த கடையில் ஆறு டாலருக்குக் காப்பி விற்கிறார்கள். ஒருநாள் குடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

கேம்ரின்தான் எங்கள் வீட்டுத் தரகர். இருபத்தெட்டு வயது. அரிசோனாப் பாலைவனத்தில் பிறந்து வளர்ந்தவள், போன கோடையில்தான் சிகாகோ வந்தாள். பனிக்கட்டியை அதுவரை குளிர்பதனப் பெட்டிக்குள்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் உழைப்பாளி. எங்கள் சாமான்களில் பாதியை அடித்தளத்தில் கொண்டுபோய் வைத்தாள். மீதியைத் திருப்பிப் போட்டாள். குவாதலூப்பே மாதா படம் சுவரில் இருக்கக் கூடாது, வாங்க வருகிறவர்கள் தங்களை அந்த வீட்டில் கற்பனை செய்து பார்க்க வேண்டும் என்றாள். ரோசால்பா படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்து, “கொஞ்ச நாளுதான் தாயே, பொறுத்துக்கோ” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஐந்து வாரம் ஆகிவிட்டது. மாதா இன்னும் உள்ளேதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பனி பிடித்தது. சனிக்கிழமை விடிந்தபோது பதினான்கு அங்குலம். தெருவோரம் நின்ற வண்டிகள் எல்லாம் மெத்தை மாதிரி மேடாகக் கிடந்தன.

எங்கள் தெருவில் யாருக்கும் கராஜ் இல்லை. தெருவோரம்தான் எல்லாருக்கும். சாதாரண நாளில் எந்த இடமும் யாருக்கும் சொந்தமில்லை. பனி விழுந்தால் கதை வேறு. முதுகு ஒடியத் தோண்டி ஒரு வண்டிக்கு இடம் பண்ணியவன், வெளியே போகும்போது அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். நாற்காலி இருந்தால் அந்த இடத்தைத் தொடக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. அதனால்தான் எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள்.

சனிக்கிழமை முழுக்கத் தெரு தோண்டியது. எங்கள் இடத்தையும் டெர்ரி ஹன்ரஹனே தோண்டினான். இரண்டாம் தளத்துக்காரன், நகராட்சித் தண்ணீர்த் துறையில் குழாய் உடைப்புக்குப் போகிறவன், ஆறடி மூன்று அங்குலம். நான் பக்கத்தில் நின்று குறை சொன்னேன்.

“அந்த மூலைய விட்டுட்ட பாரு.”

“வாய மூடு லென், இல்லன்னா உன்னையும் சேத்து அள்ளிக் கொட்டிருவேன்.”

மாலைக்குள் எட்டு வண்டிக்கு இடம் தயார். தரைத்தளத்து பெர்டூச்சி அம்மா எழுபது வயதிலும் ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்க்கிறவள். அவளுடைய இடத்துக்குச் சிவப்பு ரெக்சின் போட்ட இரும்பு நாற்காலி. ரோசால்பா இஸ்திரி போடும் பலகையை விரித்து நிறுத்துவாள். எதிர் வீட்டுக்காரன், ஒரு கால் ஒடிந்த மடக்கு நாற்காலியைப் போடுவான். டெர்ரி வைப்பது ஒரு வெள்ளைக் கக்கூஸ் கோப்பை. குளியலறையை மாற்றியபோது கழற்றியது. எட்டு வருஷமாக அவன் அதைத்தான் போடுகிறான். தெருவில் எல்லாரும் அதற்கு மரியாதை கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேம்ரின் சீக்கிரமே வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். வீட்டைத் திறந்து வைக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது என்பது அவள் விதி. அதனால் நாங்கள் வண்டியை எடுத்து, இடத்தில் பலகையை நிறுத்திவிட்டுப் பூசைக்குப் போனோம்; தெருவில் மற்ற வண்டிகளும் ஏற்கெனவே கிளம்பியிருந்தன. பிறகு மாதா கோயில் கூடத்தில் பேன்கேக் சாப்பிட உட்கார்ந்தோம். நான் மூன்றாவதைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. டெர்ரி.

“லென், என் கக்கூஸ் எங்க?”

“என்னடா?”

“என் கக்கூஸக் காணோம். அது இருந்த எடத்துல ஒரு வெள்ளை வண்டி நிக்குது. உன் இஸ்திரிப் பலகையையும் காணோம். ஒரு நாற்காலிகூட இல்ல, தெருவே மொட்டையா இருக்கு. எட்டு எடத்துலயும் எவனெவன் வண்டியோ நிக்குது. நான் அடித்தளத்துக்குப் போயி தண்ணிக் குழாய இழுத்துட்டு வரப் போறேன். சொல்லிட்டுச் செய்யறேன், அப்புறம் கேக்கலன்னு சொல்லாத.”

பேன்கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நாற்காலியை எடுத்துவிட்டு வண்டியை நிறுத்துகிறவனுக்கு எங்கள் தெருவில் ஒரே தண்டனைதான். வண்டி மேல் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அன்றைய குளிரில் பத்து நிமிஷத்தில் வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிடும். மார்ச் மாதம் வரைக்கும் கதவு திறக்காது. அந்த எட்டு வண்டியும் என் வீட்டைப் பார்க்க வந்தவர்களுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“டெர்ரி, பத்து நிமிஷம். ஒரே ஒரு பத்து நிமிஷம்.”

“அஞ்சு.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டெர்ரி தன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, கையில் குழாயோடு வெள்ளை வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். தண்ணீரை இன்னும் திறக்கவில்லை. கேம்ரின் மேலிருந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

“சார்! நீங்க இப்ப வரக் கூடாது! ஆனா பரவால்ல, மேல பதினோரு பேரு! ரெண்டு குடும்பம் அறையெல்லாம் அளவெடுக்குது!”

“கேம்ரின், ரோட்டுல இருந்த நாற்காலியெல்லாம் எங்க?”

“அதுவா? நீங்க கெளம்பினப்புறம் கீழ வந்து பாத்தா, தெரு பூரா குப்பை போட்டு வெச்சிருந்தாங்க சார். ஒடஞ்ச நாற்காலி, இஸ்திரிப் பலகை. ஒரு கக்கூஸ் வேற! வாங்க வர்றவங்க இதப் பாத்தா என்ன நெனைப்பாங்க? நானே எல்லாத்தையும் பின்சந்துல குப்பைத் தொட்டிகிட்ட வெச்சுட்டேன். கக்கூஸ் மட்டும் கனமா இருந்துச்சு. ஆனா பனில இழுத்தா சறுக்கிக்கிட்டே வந்துடுச்சு.” பெருமையாகக் கையைக் காட்டினாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

டெர்ரி குழாயைத் தாழ்த்தினான். “இழுத்துட்டுப் போனியா? தனியாவா?”

“ஆமா.”

“அறுபது பவுண்டும்மா அது,” என்றான். கோபத்துக்கு நடுவிலும் குரலில் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

பின்சந்துக்குப் போய்ப் பார்த்தேன். கக்கூஸ் இருந்தது. ஒரு மர ஸ்டூல் இருந்தது. இரும்பாக இருந்த எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்பு பொறுக்குகிறவன் வண்டியோடு சந்து சந்தாக வருவான் என்பது பாலைவனத்துப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ரோசால்பாவின் பலகையும் பெர்டூச்சி அம்மாவின் சிவப்பு நாற்காலியும் இந்நேரம் எடைபோடும் இடத்துக்குப் போயிருக்கும்.

திரும்பி வந்தபோது பெர்டூச்சி அம்மாவே வந்துவிட்டாள். இரவு ஷிஃப்ட் முடித்து, அப்படியே கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். தன் இடத்தில் நிற்கும் அந்நிய வண்டியைப் பார்த்தாள், மேலே எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“விடு லென். இன்னிக்கு உனக்கு முக்கியமான நாள். நான் அப்படியே கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டு இருக்கேன். ஹீட்டர் வேலை செய்யுது.”

பதினான்கு மணி நேரம் துணி வெளுத்துவிட்டு வருகிறவள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேலே பதினோரு பேர். அதில் இரண்டு குடும்பம் அளவெடுக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் எனக்கு இரண்டு படி வீடு கிடைக்கும். நான் ரோசால்பாவைப் பார்த்தேன். அவள் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு கேம்ரின் பக்கம் திரும்பினாள்.

“மேல போயி எல்லாரையும் வண்டிய எடுக்கச் சொல்லு.”

“மேடம், போனா திரும்பி வர மாட்டாங்க! இன்னிக்கு விட்டா—”

“எனக்குத் தெரியாதா? போ. அந்தம்மா தோண்டின எடத்துல எவனோ நிறுத்திக்கிட்டு, அவ ரோட்டச் சுத்தணுமா? இப்படி வித்துட்டுப் போனா அப்புறம் இந்தத் தெருப் பக்கம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன்? நாப்பத்தேழு படிதானே, கெழவனத் தூக்கிட்டு ஏறறேன்.”

“நீயா?” என்றேன்.

“ரெண்டு தவணையா.”

கேம்ரின் போனாள். ஐந்து நிமிஷத்தில் ஆட்கள் இறங்கினார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள், சிலர் தெருவே பைத்தியம் என்றார்கள். அளவெடுத்த குடும்பத்துக்காரன், “வேற எங்க நிறுத்தறது?” என்று கேட்டான். டெர்ரி குழாயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “பக்கத்து ஸ்டேட் விஸ்கான்சின்ல நெறய எடம் இருக்கு” என்றான். வெள்ளை வண்டியின் சக்கரம் பனியில் சுழன்றது. அதையும் டெர்ரியேதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டான், திட்டிக்கொண்டே.

பதினொன்றரைக்கு வீடு காலி. கேம்ரின் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைய ஆரம்பித்தது. பெர்டூச்சி அம்மா பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். நானோ மறுநாள் ஐந்து மணிக்கு மிஸஸ் பலூசெக்குக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் வின்னி மோய். சைனாடவுனில் பிறந்து வளர்ந்தவள், நகர ரயில் பணிமனையில் மெக்கானிக் என்று பிறகு தெரிந்தது.

“வீடு பாக்க வந்தேன். முடிஞ்சு போச்சா?”

“பதினோரு பேரு வந்து போயாச்சு. நீ ஏன் லேட்டு?” என்றாள் ரோசால்பா.

“லேட்டெல்லாம் இல்ல, பத்தே முக்காலுக்கே இந்தத் தெருவுல வந்துட்டேன். பாத்தா பதினாலு அங்குலப் பனி, எட்டு எடம் சுத்தமாத் தோண்டி வெச்சிருக்கு, ஒரு நாற்காலிகூட இல்ல. எனக்குப் பயமாயிடுச்சு. இதுல ஏதோ வம்பு இருக்குன்னு ஒம்போது தெரு தள்ளி பாலத்துக்கு அடியில நிறுத்திட்டு நடந்து வர்றேன்.”

டெர்ரி குழாயைக் கீழே போட்டான். “யாரு பெத்த புள்ளையோ,” என்றான்.

அவளோடு நானும் படியேறினேன். சொந்தக்காரர் கூட இருக்கக் கூடாது என்று கேம்ரின் சொல்லக்கூட இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் வந்தாள். முப்பத்திரண்டாவது படியில் நான் நின்றேன். வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். வின்னி சிரித்தாள்.

“இதுக்குத்தான் விக்கறீங்களா?”

“இதுக்கேதான். நீ ஏறுவியா?”

“நாள் பூரா ரயிலுக்கு அடியில ஊர்ந்துட்டு வர்றவ. ஏறறது எனக்கு ஓய்வு மாதிரி.”

அவள் ஜன்னலிலிருந்து தெரியும் உயரக் கட்டடங்களைப் பார்க்கவே இல்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தாள். இரண்டு படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற சுவரில் காதை வைத்து, என்னை அந்தப் பக்கம் போய்ப் பேசச் சொன்னாள்.

“என்ன பேச?”

“எதையாவது.”

படியில் சொன்னதையே மறுபடி சொன்னேன்.

“ஒண்ணும் கேக்கல,” என்றாள் திருப்தியாக. “நானும் என் தங்கச்சியும் வாங்கறோம். அவ பேக்கரில விடியக்காலைல போறவ, சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்துருவா. இப்ப ஒரே அறை. நான் வீட்டுக்கு வந்து ஸ்பூனக் கீழ போட்டாகூடச் சண்டை.”

“அது செங்கச் சுவரு. பூச்சுக்கு அடியில முழுக் கல்லு,” என்றேன். “பின்பக்க ரூம் ஜன்னல்ல மட்டும் மேக்கால மழை அடிச்சா தண்ணி வரும். நானே ரெண்டு தடவ அடைச்சேன். திரும்பவும் வருது.”

கேம்ரின் கண்களை மூடிக்கொண்டாள்.

வின்னி அலமாரியைத் திறந்தாள். உள்ளே கோட்டுகளுக்கு நடுவில் மாதா நின்றிருந்தாள்.

“அஞ்சு வாரமா உள்ள இருக்கா,” என்றாள் ரோசால்பா கொஞ்சம் வெட்கத்தோடு.

“வெளிய எடுங்க, மூச்சு முட்டும்,” என்றாள் வின்னி. அவளே ஆணியைக் கண்டுபிடித்து மாட்டினாள்.

பிறகு சமையல் மேசையில் உட்கார்ந்தோம். கேட்ட விலையிலிருந்து ஒரு ஜன்னலின் விலையைக் கழித்துச் சொன்னாள். கேம்ரின் எதிர்விலை பேச வாயெடுத்தாள். ரோசால்பா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். வின்னிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது.

“தெருவுல உங்க எடம். அதுவும் சேத்துத்தானே?”

“அது நகராட்சி ரோடும்மா. நான் எப்படி எழுதிக் கொடுக்கறது?” என்றேன். “தோண்டறவனுக்குத்தான். டெர்ரியக் கேளு.”

அவள் எழுந்து ஜன்னலைத் தூக்கினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. கீழே டெர்ரி கக்கூஸைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே! இஸ்திரிப் பலகை எடம் யாருக்கு?”

“நீ தோண்டுவியா?”

“உங்களுக்கும் சேத்துத் தோண்டுவேன்!”

டெர்ரி நிமிர்ந்தான். எட்டு வருஷத்தில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. “லென்!” என்று கத்தினான். “விலையக் கொறைச்சுக் குடுடா!”

திங்கட்கிழமை மத்தியானம் வின்னிக்குக் கடன் தருவதாக வங்கியிலிருந்து தாள்கள் வந்தன. நாலு இருபதுக்கு வின்னியும் அவள் தங்கையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தங்கை மாவு படிந்த கையோடு வந்திருந்தாள். மேசையில் அவள் கைரேகை அப்படியே பதிந்தது. நாலரைக்கு மிஸஸ் பலூசெக்கைக் கூப்பிட்டேன்.

“வித்தாச்சு,” என்றேன்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “என் மச்சினிக்கு அந்த ஆஸ்பத்திரிலதான் வேலை. பெர்டூச்சி நேத்து ராத்திரில இருந்து எல்லாருக்கும் இதத்தான் சொல்லிட்டு இருக்காளாம். ஆமா, அந்தக் கக்கூஸ் கெடச்சுதா?”

கேம்ரின் தன் தரகுப் பணத்திலிருந்து ஏழு வீட்டுக்கும் புது நாற்காலி வாங்கிக் கொடுத்தாள், எங்களுக்கு இஸ்திரிப் பலகை. நாற்காலிகளைப் பார்த்துத் தெருவே சங்கடப்பட்டது. எல்லாம் ஒரே மாதிரி, பளபளவென்று, மெத்தை வைத்தவை. பனியில் போட மனசு வராமல் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அங்கே இருந்த பழைய நாற்காலிகளை வெளியே எடுத்தார்கள்.

மார்ச்சில் நாங்கள் குடிபோனோம். இந்த வீட்டுக்குப் பின்னால் கராஜ் இருக்கிறது. வண்டியை உள்ளேயே விடலாம், தோண்ட வேண்டியதில்லை. டிசம்பரில் முதல் பனி ஆறு அங்குலம் விழுந்தது. காலையில் காப்பியோடு முன் ஜன்னலுக்கு வந்தால், ரோசால்பா தெருவோரம் ஒரு வண்டி நீளத்துக்குத் தோண்டி முடித்து, நடுவில் புது இஸ்திரிப் பலகையை விரித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்து கத்தினேன். “ஏய்! நமக்குத்தான் பின்னால கராஜ் இருக்கே!”

“இருக்கட்டும்!” என்றாள் திரும்பிப் பார்க்காமல். “நாம வந்துட்டோம்னு தெருவுக்குத் தெரிய வேணாமா?”

பலகை காற்றில் ஆடியது. ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. நான் காப்பியை வைத்துவிட்டு, இரண்டு படி இறங்கிப் போய் அதைப் பனியில் அழுத்தி நிறுத்தினேன்.